திருப்பி வைத்த எலும்பு

வெட்டிய துணி திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று எங்கள் கடையில் ஒரு பலகை தொங்குகிறது. மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். கண்டி பஸ் நிலையத்துக்கு மேலே உள்ள வீதியில் இருக்கும் அந்தப் புடவைக் கடையில் மீசை அரும்பிய காலத்திலிருந்து நான் விற்பனையாளன். அந்தப் பலகையைக் காட்டி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் தாடையிலிருந்து ஒரு துண்டு எலும்பை வெட்டி எடுத்து, வேலை முடிந்ததும் அதே இடத்தில் திருப்பி வைக்கப்போவதாக ஒரு டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் அந்தப் பலகைதான் நினைவுக்கு வந்தது.

கடைக்கு வருகிறவர்கள் என் வாயைப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். துணியை அளந்துகொண்டே சொல்வதற்கு இது நீளமான கதை. பாதியில் சில்லறை கொடுக்கப் போக வேண்டியிருக்கிறது. முன் பல்லுக்கு இதே வைத்தியம் செய்ய இருப்பவர் யாராவது இருந்தால் பயன்படட்டும் என்று முழுதாக எழுதி வைக்கிறேன்.

பள்ளிக்கூட நாட்களில் அம்பிட்டியவில் கிரிக்கெட் விளையாடும்போது பந்து வாயில் பட்டது. மேல் முன் பற்கள் இரண்டும் ஆடின, விழவில்லை. பிறகு இறுகிக்கொண்டன. ஆனால் உள்ளே உயிர் போய்விட்டது. பல்லுக்குள்ளே நரம்பும் இரத்தமும் போகிற மெல்லிய வழி ஒன்று உண்டு. அந்த நரம்பு செத்தால் பல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறத்துக்கு வரும். எனக்கும் வந்தது. வேர்ச் சிகிச்சை என்று சொல்லி அந்த வழியைச் சுத்தம் செய்து அடைத்தார்கள். சில வருஷம் கழித்து இன்னொரு முறையும் செய்தார்கள். இருந்தும் ஈறின் மேல் ஒரு சின்னப் பரு வரும், உடையும், மறையும். நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. வலிக்காத எதையும் கணக்கில் எடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

ஒரு நாள் காலையில் மேலுதடு தடித்தது. கடை திறந்து கொஞ்ச நேரத்தில் மூக்கின் ஓரமெல்லாம் வீங்கி, மதியத்துக்குள் இடது கண் பாதி மூடிவிட்டது. எங்கள் முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்று கூப்பிடுவோம். அவர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தார். இந்த முகத்தோட முன்னுக்கு நின்டா வார சனம் பயந்து ஓடும் என்று சொல்லி, துணி ஏற்றி இறக்கும் வான் வண்டியிலேயே என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவர் கேலி செய்தால் கவலைப்படுகிறார் என்று அர்த்தம். அந்த அர்த்தம் கடையில் எல்லோருக்கும் தெரியும்.

வார்டில் படுக்க வைத்துக் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். ஒரு பல்லுக்கு இவ்வளவா என்று கேட்டேன். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் உள்ள இரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் பின்னால் போய் மூளைப் பக்கம் சேர்கின்றன, அந்த வழியாகச் சீழ் ஏறினால் உயிருக்கே ஆபத்து என்று ஒரு சின்ன டாக்டர் சிங்களத்தில் விளக்கினார். அதற்குப் பிறகு மருந்து ஏறுகிற கையை நான் அசைக்கவில்லை.

படுத்திருப்பவனுக்கு வேறு வேலை இல்லை. எனக்குத் துணியைப் பார்ப்பதுதான் பழக்கம். கட்டில் விரிப்பு முரட்டு டிரில், எத்தனையோ தடவை அவித்து வெளுத்தது. மிஸ்மார் என்று நாங்கள் கூப்பிடும் தாதிமாரின் உடுப்பு பொலியெஸ்டர் கலந்தது, வேர்வை இழுக்காது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியசாமி அண்ணன் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறியில் வேலை செய்பவர். லொறியிலிருந்து விழுந்து தாடை உடைந்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவர் பேச முடியாது. எனக்கு உதடு வீங்கிப் பேச்சு வராது. இருவரும் புருவத்தாலேயே நன்றாகப் பழகிக்கொண்டோம். சூப் வரும்போது கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் குழாயை நுழைத்து உறிஞ்சிவிட்டு, நல்லா இருக்கு என்பதற்கு இரண்டு புருவத்தையும் தூக்குவார். நன்றாக இல்லாவிட்டால் ஒன்றை மட்டும் தூக்குவார்.

என் மனைவி புவனா தினமும் வந்தாள். கொய்யாப்பழத்தைத் தோல் சீவி, விதை எடுத்து, குழந்தைக்கு வெட்டுகிற மாதிரி வெட்டி டப்பாவில் கொண்டுவருவாள். திரும்பிப் போகும்போது ஆஸ்பத்திரிக் கேற்றுக்கு வெளியே அவித்த சோளம் ஒன்று வாங்குவாள். அவித்த சோளம் என்றால் அவளுக்கு உயிர். பஸ் வருவதற்குள் முழுவதையும் வரிசை வரிசையாகக் கடித்து முடித்துவிடுவாள். ஜன்னலால் அதைப் பார்ப்பது எனக்கு அந்த நாட்களின் ஒரே பொழுதுபோக்கு.

வீக்கம் வற்றியபின் வேறு ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள். வாய், தாடை சத்திரசிகிச்சை செய்கிற அம்மா. யாழ்ப்பாணத்துக்காரர். குரல் மெதுவாக இருக்கும், ஆனால் சொன்னதை இரண்டாம் தடவை சொல்லமாட்டார். ஸ்கேன் ஒன்று எடுத்து வரச் சொன்னார். அது சாதாரண எக்ஸ்-ரே மாதிரி தட்டையாக இல்லை. தாடையைச் சீவல் சீவலாகக் கம்ப்யூட்டரில் புரட்டிப் பார்க்கலாம். இரண்டு முன் பற்களின் வேர் நுனியையும் சுற்றி மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கறுப்பு. கறுப்பு என்றால் அங்கே எலும்பு இல்லை என்று அர்த்தம். வேருக்குள் ஒளிந்திருந்த கிருமி எலும்பைத் தின்றுவிட்டது. அந்தக் கறுப்புக்கு முன்னால், உதட்டுப் பக்கம், மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று. அதுதான் மிஞ்சியிருந்த எலும்பு. பரு வந்த இடத்தில் மட்டும் ஊசி குத்தின மாதிரி ஒரு ஓட்டை.

செய்ய வேண்டியது இதுதான். ஈறைத் திறந்து, எலும்பைத் தாண்டி உள்ளே போய், அழுகிய சதையைச் சுரண்டி, வேரின் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, வெட்டிய முனையை அடைக்க வேண்டும். பெரும்பாலும் எலும்பில் துளைபோட்டுத்தான் உள்ளே போவார்கள். துளைத்த எலும்பு தூளாகப் போய்விடும், பிறகு அந்தப் பள்ளம் தானாக நிரம்ப வேண்டும். எனக்கு இருப்பதே கோடு மாதிரிதான். அதையும் தூளாக்கினால் ஈறு உள்ளே இறங்கும், பல் ஆடும். பல்லைக் கழற்றிவிட்டால் புதுப் பல் ஊன்றவும் எலும்பு இருக்காது.

"அதனால நான் துளைக்கப் போறதில்லை," என்றார் டாக்டர். "சின்ன வாள் ஒண்டு இருக்கு. அதால எலும்பில ஒரு மூடி மாதிரி வெட்டி எடுத்து உப்புத் தண்ணிக்குள்ள வைச்சிருப்பன். உள்ள வேலை முடிய அதையே திருப்பி மூடுவன். உங்கட எலும்புதானே, ஒட்டிக்கொள்ளும்."

"ஒட்டாட்டி?" என்று கேட்டது புவனா.

"ஒட்டாட்டி அது செத்த துண்டு, எடுக்க வேணும். பிறகு ரெண்டு பல்லும் நிக்காது. ஒட்டுறவரைக்கும் அது அசையக்கூடாது. அது என்ர கையில இல்லை, இவற்ற கையில."

எனக்கு உண்மையில் பயம் வந்தது அப்போதுதான். சாகிற பயம் வார்டோடு போய்விட்டது. இது வேறு. புடவைக் கடையில் வாய்தான் முதல். துணி விற்கிறவன் சிரிக்காமல் துணி விற்க முடியாது. பொய்ப்பல் தட்டுப் போட்டுக்கொண்டு கவுண்டரில் நிற்கிற என்னை நான் நினைத்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை. உன் கையில் என்று ஒருவர் சொல்லிவிட்டால் பிறகு யார் மேலும் பழி போட முடியாது. அதுவும் பிடிக்கவில்லை.

சத்திரசிகிச்சை மயக்கம் கொடுத்துச் செய்யவில்லை. உதட்டில் ஊசி போட்டு விறைக்க வைத்தார்கள். முகத்தின் மேல் பச்சைத் துணி ஒன்றைப் போட்டு வாய்க்கு மட்டும் வழிவிட்டார்கள். அந்தத் துணி டுவில் நெசவு. சாய்ந்த கோடு கண்ணுக்கு மிக அருகில் தெரிந்தது. நான் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். வலி இல்லை. நுளம்பு காதருகே கத்துவது மாதிரி ஒரு சத்தம், கூடவே தண்ணீர் பீச்சுவது, யாரோ உறிஞ்சி எடுப்பது. அதன்பின் ஒரு தட்டு, ஒரு நெம்பல். கிண்ணத்தில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது, ஒரு அரிசி விழுந்த அளவு. டாக்டர் சிங்களத்தில் அதை மூடி வைக்கச் சொன்னார், கவனம் என்றார். என்னுடைய ஒரு பகுதி எனக்கு வெளியே இருக்கிறது, அதற்கு ஒருவர் காவல் நிற்கிறார் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. சிரிக்க உதடு இல்லை.

உள்ளே வேலை நீண்டது. கடைசியில் அந்த மூடியை வைத்து விரலால் அழுத்திப் பிடித்தார், ஈறை இழுத்து மயிர் போன்ற நூலால் தைத்தார். பொருந்தி உட்கார்ந்துவிட்டது என்று என்னிடம் தமிழில் சொன்னார். அவர் திருப்தியாகச் சொன்ன ஒரே வார்த்தை அன்று அதுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொன்ன விதிகள் கொஞ்சம்தான். ஐஸ் வைக்க வேண்டும். சூடில்லாத கஞ்சி குடிக்க வேண்டும். உதட்டைத் தூக்கித் தையலைப் பார்க்கக் கூடாது. எல்லோரும் பார்ப்பார்களாம், பார்க்கும்போதே தையல் இழுபடுமாம். எல்லாவற்றுக்கும் மேலாக, முன் பல்லால் எதையும் கடிக்கக் கூடாது. புவனா வீடு வந்த உடனே அலுமாரிக் கண்ணாடியின் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் கையை முகத்துக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் தொண்டையைச் செருமினாள்.

கடித்துத் தின்னக் கூடாது என்று எங்கள் இருவருக்கும் நன்றாக விளங்கியது. விளங்காமல் போனது வேறு.

புடவைக் கடையில் வேலை செய்யாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பொப்ளின் போன்ற துணிகளைக் கத்தரியால் வெட்டினால் கோணலாகப் போகும். கிழித்தால்தான் இழை நேராக வரும். ஆனால் கரை தடிப்பானது, கையால் கிழியாது. அதில் ஒரு சின்ன வெட்டுக் கொடுக்க வேண்டும். கத்தரி எப்போதும் ஏதாவது ஒரு துணிக்கட்டுக்கு அடியில் தொலைந்திருக்கும். ஆகவே கண்டியில் என் வயதுள்ள எந்தப் புடவைக் கடைக்காரனும் அளந்து முடித்ததும் கரையை வாய்க்குக் கொண்டுபோவான். ஒரு கடி, இரண்டு கையாலும் ஒரு இழுப்பு, சரக்கென்று நேராகக் கிழியும். அதை நாங்கள் கடிப்பது என்று நினைப்பதே இல்லை. அது அளப்பதன் கடைசிப் பகுதி.

தையல் பிரிக்கக் காத்திருந்த நாட்களில் ஹாஜியார் ஆள் மூலமாகப் பழங்களும், தலையணை உறைக்கு என்று வெள்ளைப் பொப்ளின் துணியும் அனுப்பியிருந்தார். புவனா அதை மடியில் வைத்து, இரண்டாக்கித் தாங்க, தைக்கிறேன் என்று சொன்னாள். சும்மா இருந்து சலித்துப்போன எனக்கு ஒரு வேலை கிடைத்த சந்தோஷம். துணியை மடித்து, நடுவைப் பிடித்து, விரலால் தடவிப் பார்த்தேன். நல்ல துணி. கத்தரி தையல் மெஷினின் மேல், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதை நான் பார்த்ததும் நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, துணி சரக்கென்று கிழிந்த சத்தமும், வாயில் உப்புச் சுவையும், வெள்ளைக் கரையில் ஒரு சிவப்புப் பொட்டும்.

புவனா திட்டவில்லை. என் கையிலிருந்த துணியை வாங்கி என் வாயிலேயே அழுத்தினாள். ஓட்டோவில் போகும்போதும் அதை எடுக்க விடவில்லை.

டாக்டரிடம் என்ன நடந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. புவனாதான் சொன்னாள், துணியைக் கடிச்சிட்டாங்க என்று. டாக்டர் முதலில் நம்பவில்லை. துணியையா, ஏன், என்று கேட்டார். நான் காற்றில் செய்து காட்டினேன். அவர் என் தலையைப் பின்னால் சாய்த்தார். பிறகு விளக்கைத் திருப்பி, தையல் அறுந்த இடத்தைக் கழுவி, விரலை வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தார்.

"ஆடுற மாதிரித் தெரியேல்ல," என்றார். "ஆனா நான் ஒண்டும் சொல்லேலாது. மயிரளவு அசைஞ்சிருந்தாலும் இப்ப காட்டாது. ஆறு மாசத்தால ஸ்கேன் எடுப்பம். எலும்பு என்ன முடிவெடுக்குதெண்டு பாப்பம்."

மறுபடி தைத்துவிட்டார். அறுந்தது ஒரு தையல்தான். அன்று என் மேல் எனக்கு வந்த கோபத்தைப் போல வேறு யார் மேலும் வந்ததில்லை.

வேலைக்குத் திரும்பியபோது கடையில் ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு கத்தரி கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. என்னைச் சாரன், அதாவது லுங்கி விற்கும் பகுதியில் நிற்க வைத்திருந்தார் ஹாஜியார். சாரன் பெட்டியோடு வருகிறது, அளக்கவும் வேண்டாம் கிழிக்கவும் வேண்டாம். இத்தனை வருஷ அனுபவத்துக்கு அது ஒரு இறக்கம்தான். நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றதைக் கண்டு பக்கத்தில் வந்தார்.

"ஒங்கட பல்லு நல்லா வார வரைக்கும் இங்கதான்," என்றார். "நானும் கடிச்சுக் கிழிச்ச ஆள்தான். கத்தரிய கட்டிப் போட இவ்வளவு காலம் எனக்கு ஏன் தோணல்ல?"

அவர் கேலி செய்யாமல் பேசியது அந்த ஒரு தடவைதான்.

காத்திருந்த மாதங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தள்ளிப் பார்ப்பேன், ஆடுகிறதா என்று. தள்ளிப் பார்ப்பதாலேயே ஆடிவிடுமோ என்று நிறுத்துவேன். ஈறில் சின்னத் தடிப்பு வந்தால் பரு திரும்பிவிட்டதோ என்று நாள் முழுவதும் விற்பனை ஓடாது. வீட்டில் சாப்பாடு எல்லாம் சின்னச் சின்னதாக வந்தது. அன்னாசி, மாங்காய், ரொட்டி எதுவானாலும் வெட்டி ஒரே தட்டில் வைப்பாள், இருவரும் அதிலிருந்து எடுத்துச் சாப்பிடுவோம். பிஸ்கட் என்றால் இருவருடையதும் தேத்தண்ணீரில் ஊறும். தீபாவளிக்கு முறுக்குச் சுடவில்லை. ஏன் என்று கேட்டேன். எண்ணெய் விற்கிற விலையில் முறுக்கு ஒன்றுதான் குறைச்சல் என்று சொல்லிக் கேசரி கிண்டினாள். வருஷத்துக்கு ஒரு நாள் வருகிற தீபாவளிக்கு இவ்வளவு சிக்கனமா என்று எனக்கு எரிச்சல். கிளினிக் போகிற நாட்களில் கேற்றுக்கு வெளியே சோளம் விற்கிறவனை நான் கை காட்டினால், இன்னிக்கு வேணாங்க, பசியில்ல என்பாள். அதையும் நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் முடிந்து ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் கம்ப்யூட்டரில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரட்டினார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன், அதில் எதுவும் தெரியவில்லை. புவனா என் சட்டையின் முதுகுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சட்டை கசங்குகிறது என்று கூட எனக்குத் தோன்றியது. மனசு அந்த நேரத்தில் எதையாவது பிடித்துக்கொள்ளும்.

முதல் படத்தில் இருந்த கறுப்பு, இரண்டாவதில் சாம்பலாகி, நடுவில் ஒரு புள்ளியாகச் சுருங்கியிருந்தது. முன்னால் அந்த வெள்ளைக் கோடு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"நான் வெட்டின இடம் எங்கயெண்டு எனக்கே தெரியேல்ல," என்றார். "ஓம், ஒட்டிட்டுது. ரெண்டு பல்லும் நிக்கும். ஆனா துணி கடிக்கிற வேலை இனி வேண்டாம்."

நான் தலையாட்டினேன். நன்றி சொன்னது புவனாதான். அவள் சொன்னதில் பாதி அழுகை.

வெளியே வந்தோம். மழை விட்டு வெயில் அடித்தது. சோளக்காரன் அதே இடத்தில் நின்றான். அவளைக் கேட்காமலே இரண்டு வாங்கினேன், ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு நான் என்னுடையதை விரலால் ஒவ்வொரு முத்தாக உதிர்த்து வாயில் போட்டேன். பார்த்தால் அவளும் விரலால் உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, கடிச்சுத் தின்னு," என்றேன்.

"நீங்க கடிக்க முடியாதுல்ல," என்றாள், சோளத்தைப் பார்த்துக்கொண்டே. "பரவாயில்லங்க, பழகிருச்சு."

பழகிருச்சு என்ற சொல் எனக்குள் போய் உட்காரக் கொஞ்ச நேரம் எடுத்தது. கொய்யா, அன்னாசி, ஊறின பிஸ்கட், சுடாத முறுக்கு, பசியில்லாத கிளினிக் நாட்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எதிரே நடந்து போகிறவரின் சேலை என்ன துணி என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். ஆறு மாதமாக என் மனைவி எனக்கு முன்னால் எதையும் கடிக்கவில்லை என்பதை நான் காணவில்லை.

"எனக்குச் சரியாயிருச்சு," என்றேன். "நீ கடி. எனக்குக் கேக்கணும்."

அவள் என்னைப் பார்த்தாள், சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள், பிறகு சோளத்தைத் திருப்பிப் பிடித்து ஒரு வரிசையைக் கடித்தாள். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. பஸ் வருவதற்குள் அவள் முழுவதையும் முடித்துவிட்டாள். உதிர்த்துத் தின்று பாதியில் நின்ற என்னுடையதையும் அவளிடமே கொடுத்தேன்.